எண்பத்து மூன்றாம் நாள்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை 11 மணி 20 நிமிடம். ஆடிக் காற்று கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது. மேற்கே இருந்து சாரல் வந்து என் கண்ணாடியில் நாலைந்து புள்ளி வைப்பதும் நிற்பதுமாக இருந்தது. கணபதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வாசலில், பதினான்கு நாற்காலிகளில் ஒன்பதாவதில் நான் உட்கார்ந்திருந்தேன். கண்புரை அறுவைக்கு முன்னால் எடுக்கச் சொன்ன பரிசோதனைகள் ஏழு. ஆறு சரியாக இருந்தன. ஏழாவதற்கு எதிரே தடித்த எழுத்தில் 'பாசிட்டிவ்' என்று அச்சடித்திருந்தார்கள். ஹெபடைடிஸ் பி. ஈரலில் குடியிருக்கும் வைரஸ்.

எனக்கு அப்போது எழுபத்தொரு வயது. அதுவரை ஒரு நாள்கூட மஞ்சள் காமாலை வந்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் முதலில் நினைத்தது என் ஈரலை அல்ல, என் மனைவியை அல்ல. அவரைத்தான் நினைத்தேன். அவருக்குக் காமாலை வந்திருக்கிறது. நாற்பது நாள் இருந்துவிட்டுப் போய்விட்டது. எந்த வருடம், எந்த நாள் என்பது என் டைரியில் இருந்தது.

அவரும் நானும் கணபதியில் அன்று இருந்த ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தோம். நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அவர் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவர். ஒரு காயிலுக்கு அறுபத்திரண்டு சுற்றுச் செம்புக் கம்பி. மற்றவர்கள் உதடு அசைய எண்ணுவார்கள். சிலர் பத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுவார்கள். இவர் பக்கத்து ஆளிடம் கதை சொல்லிக்கொண்டே சுற்றுவார். கதையின் நடுவில் சிரிப்பு வந்தால் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார். மீண்டும் தொடங்கும்போது எத்தனையில் விட்டோம் என்று யோசித்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு மாதம் அவருடைய காயில்களில் ஐந்தை எடுத்து, யாருக்கும் தெரியாமல் ஸ்டோர்ஸ் உள்ளறையில் பிரித்து எண்ணினேன். ஐந்திலும் அறுபத்திரண்டு. ஆறாவதை எண்ணினேன். அதிலும் அறுபத்திரண்டு. எண்ணாமல் ஒரு மனிதன் எப்படிச் சரியாக இருக்க முடியும்? எனக்கு ஆறவில்லை. ஏழாவது காயிலைப் பிரிக்காமலே சிவப்புச் சீட்டு எடுத்து, 'சுற்றுக் குறைவு, ஸ்கிராப்' என்று எழுதிக் கட்டிவிட்டேன்.

மேஸ்திரி அவரை ஷெட்டில் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டார். மதியம் அவர் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க மாப்ள, அந்தக் காயில நீங்க எண்ணிப் பாத்தீங்ளா?"

"பாத்தேன்."

"எத்தன இருந்துச்சுங்க?"

நான் லெட்ஜரைப் புரட்டினேன். எனக்கு நினைவு தெரிந்து, எண்ணைக் கேட்டு நான் எண் சொல்லாத இடம் அது ஒன்றுதான்.

"சரி, அது கெடக்குது உடுங்க. உடுமலையில இருந்து மச்சான் எளநி கொண்டாந்து போட்டான். அம்மணிக்கு ரெண்டு எடுத்துட்டுப் போங்க" என்று ஜன்னலுக்குள் இரண்டு இளநீரை வைத்துவிட்டுப் போனார்.

'அது கெடக்குது உடுங்க.' ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்கிறார் என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். சராசரி பதினொன்று. குடை தொலைந்தால், பஸ் போய்விட்டால், வாங்கியவன் திருப்பித் தராவிட்டால், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து மாதிரி அந்த மூன்று சொல். அவருக்கு மறதி அதிகம் என்று நான் முடிவு செய்திருந்தேன். மறதிக்காரர்களுக்கு நல்ல தூக்கம் வரும். எனக்கு வராது.

என் மனைவி அவரை அண்ணா என்பாள். அதனால்தான் நான் மாப்பிள்ளை. அவர் வந்தால் என் வீட்டில் பெரிய டம்ளர் வெளியே வரும். எனக்கு வருவது சிறிய டம்ளர். நாற்பத்து நான்கு வருடத்தில் நான் சொல்லி என் மனைவி வாய்விட்டுச் சிரித்தது எத்தனை முறை என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் சொன்னால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சிரிப்பாள்.

"அண்ணன் வந்தாத்தான் இந்த ஊடு ஊடாட்டம் இருக்குதுங்க" என்பாள்.

"நான் இருந்தா?"

"நீங்க இருந்தா ஸ்டோரு."

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை 5 மணி 50 நிமிடத்துக்கு நடக்கப் போக என் வாசலில் வந்து நிற்பார். கையில் கடிகாரம் கட்டமாட்டார். நான் கட்டியிருப்பேன். ஒரு நாளும் இரண்டு நிமிடத்துக்கு மேல் தவறியதில்லை. மழை பெய்தால் மட்டும் வரமாட்டார்.

இனி மொட்டை. 1989 ஜனவரியில் என் மகனுக்கு டைபாய்டு. அவனுக்கு நான்கு வயது. இருபத்தொரு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. இறங்கிய அன்று அவர் வந்து, "நான் அவனுக்கு வேண்டிக்கிட்டனுங்க. மலைக்குப் போயி முடி எறக்கிப்போட்டு வந்தர்றேன்" என்றார். என் பிள்ளைக்கு வேண்டிக்கொள்ள இவர் யார்? நான் வேண்டிக்கொண்டிருக்க வேண்டும். டாக்டர் சீட்டுகளை வரிசைப்படுத்துவதில் எனக்கு அது தோன்றவில்லை. அந்த எரிச்சலில்தான் நானும் கிளம்பினேன்.

ஜனவரி 29, ஞாயிற்றுக்கிழமை. கூட்டமான நாளில் அங்கே முடி இறக்குபவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆள் அடுத்தவரிடம் போய்விடக் கூடாது என்று ஒரு தலையில் பாதி எடுத்து நிறுத்திவிட்டு, பக்கத்துத் தலையில் பாதி எடுப்பார்கள். பாதித் தலையோடு யாரும் எழுந்து போக முடியாது. எங்கள் இருவரையும் ஒரே ஆள் அப்படித்தான் பிடித்து வைத்தார். ஒரு பிளேடை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகி, அதிலேயே இரண்டு தலை. என் தலையில் இரண்டு இடத்தில் ரத்தம், அவர் தலையில் ஒரு இடம். அரைப் பிளேடு, இரண்டு தலை, மூன்று வெட்டு என்று டைரியில் எழுதினேன். அது சிக்கனமாக எனக்குப் பட்டதே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. மற்ற பாதியை என்ன செய்தார் என்றுதான் கீழே இறங்கும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரல் 22ஆம் தேதி அவர் கண் மஞ்சளாகிவிட்டது. மொட்டை போட்டு எண்பத்து மூன்றாம் நாள். அவர் வீட்டில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார்கள். என் மனைவி உப்பில்லாமல் சமைத்துத் தூக்குப்போசியில் கொடுத்தாள். தூக்கிக்கொண்டு போனது நான். கம்பெனியே அவர் கட்டிலைச் சுற்றி நின்றது. நான் மூலத்துக்கு அறுவை செய்துகொண்டு பதினொரு நாள் படுத்தபோது பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் அவர்.

நாற்பதாம் நாள் வேலைக்கு வந்தார். அன்றே ஒரு காயிலை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். அறுபத்திரண்டு.

அப்போது அவர் மகளுக்கு ஏழு வயது. அப்பா மஞ்சளாகக் கிடந்த அந்த நாற்பது நாளைப் பார்த்ததால்தான் இந்தப் படிப்புக்குப் போனதாக அவளே சொல்வாள். இப்போது வெளிமாநிலத்தில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இதே ஈரல் வைரஸைத்தான் ஆராய்கிறாள். என் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரிசோதனைக்கு நான்கு வருடம் முன்பு, தீபாவளிக்கு வந்தவள் அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்குச் சொல்லி ஒண்ணும் ஏறல கண்ணு. மாப்ளைக்குச் சொல்லு, அவருக்குப் புரியும்" என்றார் அவர்.

"நீங்க ஸ்டோர்ல இருந்தவரு, மாமா, உங்களுக்கு ஈசி" என்று அவள் தொடங்கினாள். "நம்ம செல்லுக்குள்ள காவலுக்குன்னு சில புரதம் இருக்குதுங்க. வைரஸ் உள்ள வந்துச்சுன்னா அதோட மரபுச் சரத்த இறுக்கிக் கட்டிப்போட்டு வேலை செய்ய உடாது. ஆனா அந்த வைரஸ்கிட்ட எக்ஸ்னு ஒரு சின்னப் புரதம் இருக்குது. அது என்ன பண்ணும் தெரியுங்களா? காவக்காரனோட சண்டையே போடாது. நம்ம செல்லுல கழிவுக்குச் சீட்டு ஒட்டற ஆள் ஒருத்தன் இருக்கான். அவனக் கூட்டிட்டு வந்து காவக்காரன் மேல சீட்டு ஒட்ட வெச்சுரும். அப்புறம் நம்ம செல்லே அத நொறுக்கிக் குப்பையில போட்டுருமுங்க. நல்ல பீசுக்கு ஸ்கிராப் சீட்டு கட்டற மாதிரி."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பெரிய டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். டம்ளருக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. சிரித்துக்கொண்டிருந்தன.

"போதும் கண்ணு, டீ ஆறுது" என்றார்.

இனி 2022. டாக்டர் எனக்குத் தினம் ஒரு மாத்திரை எழுதினார். ஈரல் இன்னும் கெடவில்லை, ஆனால் வைரஸ் பல வருடமாக இருக்கிறது என்றார். உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் என்ன செய்தன என்று கேட்டேன். அந்த வைரஸ் உண்மையான சரக்கு ஒன்றை வெளியே அனுப்பினால், கூடவே ஆயிரக்கணக்கில் காலிக் கூடுகளையும் அனுப்புமாம். மேலே லேபிள் ஒன்றேதான். உள்ளே ஒன்றும் இராது. எதிர்ப்புப் புரதங்கள் காலிக் கூட்டைப் பிடித்துப் பிடித்தே தீர்ந்துபோகும், சரக்கு தப்பிவிடும். எனக்கு அன்று இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. என் மனைவிக்கும் சோதித்தார்கள். அவள் உடம்புக்குள்ளும் அது எப்போதோ வந்திருக்கிறது. அவளுக்கே தெரியாமல் அவள் உடம்பு விரட்டிவிட்டிருக்கிறது. "எனக்கு அண்ணனாட்டம் உடம்புங்க" என்றாள். இந்த நேரத்திலும் அண்ணன்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவர் தானாகவே போய் அதே இடத்தில் ரத்தம் கொடுத்தார். ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை, காலை நடைக்கு வந்தபோது மடித்த தாளை நீட்டினார்.

"என்னமோ போட்டிருக்குதுங்க மாப்ள. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

பார்த்தேன். வைரஸ் இல்லை. எதிர்ப்புப் புரதம் 412. பத்து இருந்தாலே போதும் என்று கீழே அச்சடித்திருந்தது. எனக்கு அந்த இடத்தில் சுழி. முப்பத்து மூன்று வருடமாக அவர் உடம்பு அந்த வைரஸின் முகத்தை மறக்கவில்லை. குடையை எங்கே வைத்தோம் என்று தெரியாத மனிதரின் உடம்பு. மொட்டைக்குச் செலவான தேங்காயின் எண்ணிக்கைகூடத் தெரிந்த எனக்கு, என் ஈரலில் யார் குடியிருக்கிறார்கள் என்பது தெரியாமல் போயிருக்கிறது.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கு எப்பத்தான் என்ன ஆச்சு?" என்றேன்.

"அட, சந்தோசமாச் சொல்றதுங்களா, திட்டறதுங்களா?"

"ஒரே பிளேடு. என் தலையில ரெண்டு வெட்டு, உங்க தலையில ஒண்ணு. எண்பத்து மூணாம் நாள் உங்களுக்கு மஞ்சள். உங்ககிட்டதான் இருந்திருக்கு. எனக்குக் குடுத்துட்டு, நாப்பது நாள்ல நீங்க கழட்டி உட்டுட்டீங்க. நான் சாகற வரைக்கும் சுமக்கணும்."

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்தார்.

"அப்படீங்களா, மாப்ள?"

"டைரி இருக்கு. தேதி வேணுமா?"

"வேண்டாமுங்க. நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"இனி என்னக் கூப்பிட வர வேண்டாம்."

"சரீங்க" என்றார். அன்றைக்குக் 'கெடக்குது உடுங்க' என்று சொல்லவில்லை. முன்பும் ஒருமுறை சொல்லாமல் இருந்திருக்கிறார். வெள்ளகோவிலில் என் அம்மாவுக்குத் திதி கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பியபோது, நான் யாரிடமும் பேசாததை அவரிடம் பேசினேன். எனக்குப் பதினொரு வயதில் அம்மா வயிறு வீங்கி இறந்தாள். மகோதரம் என்றார்கள். கண் மஞ்சள், கால் வீக்கம். எதைத் தின்றாளோ, எந்தப் பாவமோ என்று ஊர் பேசியது. நான் அவள் வயிற்றை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தேன். இறந்தபோது முப்பத்து நான்கு வயது. அவர் பல்லடம் வரை ஒன்றும் சொல்லாமல் என் கை மேல் கை வைத்திருந்தார்.

மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. நான் 5.50க்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு மூடுவேன்.

"அண்ணன் பால் பூத் வரைக்கும் வந்து இங்க பாத்துப்போட்டுத் திரும்பிப் போறாருங்க" என்று ஒரு நாள் என் மனைவி சொன்னாள்.

"பால் வாங்க வந்திருப்பார்."

"அவங்க ஊட்டுக்குப் பால்காரன் வாரானுங்க. உங்களுக்கு அதும் தெரியும்."

2023 மார்ச் 27, திங்கட்கிழமை, காலை 5 மணி 35 நிமிடம். வாசற்படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு. ஈரல் அல்ல.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். பந்தலில் நூற்று இருபது நாற்காலி போட்டு, போதாமல் மறுபடியும் கொண்டுவந்தார்கள். நான் எண்ணிய வரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். எனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்கவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா கடசி வரைக்கும் உங்களப் பத்தித்தான் பேசினாருங்க, மாமா."

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தேன். "அவருக்கென்ன கண்ணு, எனக்கு அதக் குடுத்துட்டு அவர் சுத்தமாப் போயிட்டார்" என்றேன்.

அவள் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

"மொட்டை போட்டு எத்தன நாள்ல அப்பாவுக்கு மஞ்சள் தெரிஞ்சுது?"

"எண்பத்து மூணு."

"இந்த வைரஸ் புதுசா ஒருத்தர் உடம்புக்குள்ள போனா, மஞ்சளாத் தெரியறதுக்கு ரெண்டு மாசத்துல இருந்து அஞ்சு மாசம் வரைக்கும் ஆகும். நெறையப் பேருக்கு எண்பது, தொண்ணூறு நாள். அன்னிக்கு ரத்தம் எடுத்து யாரும் பாக்கல. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. ஆனா உங்க கணக்கே சொல்லுது, மாமா. அந்தப் பிளேடுலதான் அப்பாவுக்கு உள்ள போயிருக்குது. குடுக்கறதுக்கு அன்னிக்கு அவருகிட்ட ஒண்ணும் இருந்திருக்காதுங்க."

"எனக்கு மஞ்சளே வரலியே!"

"மஞ்சள் வைரஸ் பண்ற வேலை இல்லீங்க. நம்ம உடம்பு ஈரலுக்குள்ள பூந்து அத அடிக்கிற அடி. அப்பா உடம்பு அடிச்சுது, அதனால வந்துச்சு, போச்சு. வளந்த ஆளுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். சின்னக் கொழந்தையில வந்துட்டா உடம்பு அத எதிரின்னே நெனைக்காதுங்க. சண்டையும் இல்ல, மஞ்சளும் இல்ல. கூடவே இருந்துக்கும். அது பொதுவா, பொறக்கறப்பவே..."

அவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லு" என்றேன்.

"வேண்டாம் மாமா."

"பொறக்கறப்பவே யார்கிட்ட இருந்து?"

பந்தலில் யாரோ இலை போடச் சொல்லிக் கத்தினார்கள். எனக்கு அம்மாவின் வயிறு நினைவுக்கு வந்தது. கடைசியாக அளந்தபோது இரண்டு முழமும் நான்கு விரலும்.

"நீங்க சண்டை போட்ட அன்னிக்கே ஃபோன்ல இத அப்பாகிட்டச் சொன்னேன்" என்றாள் பிறகு. "நானே வந்து உங்களுக்குப் புரிய வெக்கிறேன்னு சொன்னேன். அப்பா ஒத்துக்கல. 'அவருகிட்ட மூச்சு உட்றாத கண்ணு. என்னச் சொன்னாச் சொல்லீட்டுப் போறாரு. இது தெரிஞ்சா அவரு கணக்கு அவங்கம்மாகிட்டப் போயி நிக்கும். ஊரே பேசுன அம்மா. பதினோரு வயசுல சுடுகாட்டுக்கு நெருப்புச் சட்டி தூக்குனவரு. அவருக்கு நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன். அது கெடக்குது உடு'ன்னாருங்க."

"அவருக்கு எல்லாம் நெனப்பு இருந்துதா?"

"அப்பாவுக்கா? சீட்டு கட்டறதுக்கு முன்னால நீங்க எத்தன காயிலப் பிரிச்சு எண்ணுனீங்கன்னுகூடத் தெரியுமுங்க. ஆறு. ஏழாவதப் பிரிக்கல."

நான் இலையில் உட்காராமல் வீட்டுக்கு நடந்தேன். என் மகனுக்காக அவர் இறக்கிய முடி. என் தலையிலிருந்து அவர் தலைக்குப் போன பிளேடு. வீட்டில் என் மனைவி பெரிய டம்ளரைக் கழுவி மேல் அடுக்கில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

டைரியை எடுத்து எண்ணினேன். 2022 ஆகஸ்ட் 29 முதல் 2023 மார்ச் 27 வரை, அவர் என் வாசலில் வந்து நின்றிருக்க வேண்டிய காலைகள் இருநூற்றுப் பதினொன்று. அதில் மழை பெய்தவை ஒன்பது. கழித்தால் இருநூற்றிரண்டு.